கேரவனில் வெந்நீர்: கேஸா, கரண்டா, ரெண்டுமா?

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற கேரவனில் வெந்நீருக்கு எந்த ஹீட்டர் நல்லது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கம்பெனி பெயரைச் சொல்வார்கள். கம்பெனியெல்லாம் அப்புறம். நீங்கள் வண்டியை நிறுத்துகிற இடத்தில் எது முதலில் தீர்ந்துபோகும், கரண்டா, கேஸா, தண்ணீரா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்தாயிற்று. எது உங்களுக்குக் குறைவோ அதை மிச்சம் பிடிக்கிற ஹீட்டர்தான் உங்களுக்குச் சரி, விளம்பரத்தில் எத்தனை கிலோவாட் போட்டிருந்தாலும்.

முதலில் ஒரு கணக்கு போட்டுவிடலாம், பின்னால் எல்லாவற்றுக்கும் இதுதான் உதவும். 10 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 0.52 யூனிட் சக்தி வேண்டும். எந்த ஹீட்டராலும் இதைக் குறைக்க முடியாது. எவ்வளவு நேரத்தில் கொடுக்கிறது, எதை எரித்துக் கொடுக்கிறது, எவ்வளவை வீணாக்குகிறது என்பதில் மட்டும்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம். அந்த 60 டிகிரி தண்ணீரில் யாரும் அப்படியே குளிக்கப்போவதில்லை, பச்சைத்தண்ணீர் கலந்து 39 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 10 லிட்டர் 18 லிட்டருக்கும் மேலாகிவிடும். நிமிடத்துக்கு 4 லிட்டர் விடுகிற சிக்கனமான ஷவரில் அது நாலரை நிமிடத்துக்கு மேல் வரும். உண்மையில் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கும், ஏனென்றால் மேலே வெந்நீர் போகப் போக அடியில் பச்சைத்தண்ணீர் நுழைந்து கலந்துகொண்டே இருக்கும். சோப்பு போடும்போது குழாயை மூடிவிட்டால் இது ஒருவருக்கு நிம்மதியான குளியல். திறந்தே விட்டால் தலையில் ஷாம்பு நுரையோடு நிற்பீர்கள்.

டேங்க் வைத்த ஹீட்டர்

பெரும்பாலான கேரவன்களில் வருவது இதுதான். ட்ரூமா கம்பெனியின் அல்ட்ராஸ்டோர் மாதிரி 10 அல்லது 14 லிட்டர் டேங்க், 1.5 கிலோவாட் கேஸ் பர்னர், கூடவே 850 வாட் கரண்ட் காயில். மூன்று விதமாக ஓட்டலாம். கரண்டில் மட்டும் என்றால் மேலே சொன்ன 10 லிட்டருக்குக் கணக்குப்படி 37 நிமிடம், நடைமுறையில் முக்கால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸில் மட்டும் என்றால் 21 நிமிடத்திலிருந்து அரை மணிக்குள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் கால் மணியில் தயார்.

சேர்த்துப் போடலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. நாலு பேர் உள்ள குடும்பம் பெரிய டேங்கைத் தேடி அலையும், ஆனால் 10 லிட்டர் டேங்கையே இரண்டிலும் ஓட்டினால் ஒருவர் துவட்டி, உடுத்தி, அடுத்தவர் துண்டைத் தேடி எடுப்பதற்குள் மறுபடி சூடாகியிருக்கும். 14 லிட்டர் டேங்க் வசதிதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது ஒவ்வொரு முறையும் 14 லிட்டரையும் சூடாக்கும். இரண்டு டம்ளர் கழுவுவதற்கும் 14 லிட்டர். இரண்டு பேர் போகிற வண்டிக்கு 10 போதும் என்பது என் கட்சி.

கரண்டில் ஓட்டும்போது, வண்டியை நிறுத்துகிற முகாமில் தருகிற கரண்ட் இணைப்பு எத்தனை ஆம்பியர் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 16 ஆம்பியர் என்றால் கவலையே வேண்டாம். சில இடங்களில் 6 ஆம்பியர்தான் தருவார்கள், 230 வோல்ட்டில் அது மொத்தமே 1380 வாட். ஹீட்டர் 850 எடுத்துக்கொண்டால் மிச்சம் 530. அதில் ஃபிரிட்ஜ், பேட்டரி சார்ஜர், விளக்கு எல்லாம் ஓட வேண்டும். அந்த நேரத்தில் யாராவது 2 கிலோவாட் கெட்டிலைப் போட்டால் கம்பத்தில் பிரேக்கர் விழும், அதைத் திரும்பப் போட முகாம் அலுவலகத்துக்கு நடக்க வேண்டியிருக்கலாம். இந்த மாதிரி இடத்தில் தண்ணீரைக் கேஸில் சூடாக்கிக்கொண்டு கரண்டைச் சமையலறைக்கு விட்டுவிடுவது நிம்மதி.

கேஸ் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்ற பயம் எல்லாருக்கும் இருக்கிறது. கணக்குப் பாருங்கள். ஒரு கிலோ எல்பிஜியில் 12.8 யூனிட் சூடு இருக்கிறது, ஹீட்டர் அதில் எண்பது சதவீதத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது என்று வைத்தால் 10 லிட்டருக்கு 50 கிராம் கேஸ். ஒரு கிலோவில் இருபது முறை சூடாக்கலாம். 6 கிலோ சிலிண்டர் என்றால் நூற்றுக்கும் மேல். கேஸைக் குடிப்பது வெந்நீர் இல்லை, உள்ளறையைச் சூடாக்குகிற ரூம் ஹீட்டர். அது 3 கிலோவாட்டில் ஒரு மணி நேரம் ஓடினால் கால் கிலோவுக்கு மேல் போய்விடும், அதாவது ஐந்து டேங்க் வெந்நீர். குளிர்காலத்தில் வெந்நீரைச் சுருக்கி கேஸ் மிச்சம் பிடிக்கப் பார்ப்பதைவிட ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்வது மேல்.

குளிர் என்றதும் இன்னொன்று. சிலிண்டரில் என்ன கேஸ் என்று பாருங்கள். பியூட்டேன் பூஜ்யம் டிகிரிக்கு அரை டிகிரி கீழேயே ஆவியாவதை நிறுத்திவிடும். சிலிண்டர் நிறைய இருக்கும், பர்னருக்கு ஒன்றும் வராது. ப்ரொபேன் மைனஸ் 42 வரை தாங்கும். பனிக்காலத்தில் கேஸை நம்பிப் போகிறவர்களுக்கு ப்ரொபேன்தான், இதில் விவாதமே இல்லை.

கேஸில் ஓட்டினாலும் 12 வோல்ட் பேட்டரி வேண்டும், பற்றவைப்பதும் கட்டுப்படுத்துவதும் அதுதான். பேட்டரி செத்துவிட்டால் சிலிண்டர் நிறைய கேஸ் இருந்தும் வெந்நீர் வராது. சரி, அதே பேட்டரியில் இன்வெர்ட்டர் மாட்டி 850 வாட் காயிலை ஓட்டினால் என்ன? ஓட்டலாம், ஒரே ஒரு முறை. 100 ஆம்பியர் ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் 1.2 யூனிட் இருக்கிறது, பேட்டரியைக் கெடுக்காமல் எடுக்கக்கூடியது அதில் பாதி. ஒரு டேங்க் சூடானதும் ராத்திரி விளக்குக்கு ஒன்றும் மிஞ்சாது. லித்தியம் என்றால் இரண்டு முறை, அவ்வளவுதான். சோலார் இருக்கிறதே என்பவர்களுக்கும் அதே பதில்தான்: 100 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் தருவதே அரை யூனிட்டை ஒட்டித்தான். பெரிய லித்தியம் பேட்டரியும் கூரை நிறையப் பேனலும் வைத்து, மதியம் மிஞ்சுகிறதைத் தண்ணீரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு கதை, அவர்களுக்கு இந்தக் கட்டுரையே தேவையில்லை.

டேங்க் இல்லாத இன்ஸ்டன்ட் ஹீட்டர்

"தீரவே தீராத வெந்நீர்" என்று விற்கிறார்கள். ஹீட்டரைப் பொறுத்தவரை அது உண்மைதான். நிமிடத்துக்கு 4 லிட்டரை 25 டிகிரி உயர்த்த 7 கிலோவாட் வேண்டும், ஆகவே இது கேஸில்தான் நடக்கும். 16 ஆம்பியர் இணைப்பையே முழுசாக உறிஞ்சினாலும் 3.7 கிலோவாட்டுக்கு மேல் வராது, கரண்ட் இன்ஸ்டன்டில் குழாயிலிருந்து வருவது நூல் மாதிரி ஒழுகும்.

ஆனால் கேரவனில் முதலில் தீர்வது வெந்நீர் இல்லை, தண்ணீர். வெளியே உருட்டிக்கொண்டு போய் நிரப்புகிற அக்வாரோல் மாதிரியான பீப்பாய் 40 லிட்டர். நிமிடத்துக்கு 4 லிட்டர் என்றால் பத்து நிமிடத்தில் அது காலி, அதே நேரம் கழிவுநீர்ப் பெட்டியும் நிறைந்து நிற்கும். ஹீட்டர் முடிவில்லாமல் சூடாக்கிக்கொண்டே இருக்கத் தயார், யார் போய்த் தண்ணீர் தூக்கி வருவது?

இன்ஸ்டன்ட் ஹீட்டருக்கு இன்னொரு குணமும் உண்டு. குழாயைத் திறந்து, ஓட்டம் ஒரு அளவைத் தாண்டினால்தான் பர்னர் பிடிக்கும். அதுவரை வருவது பச்சைத்தண்ணீர். சிக்கனமாக இருக்கலாம் என்று குழாயை லேசாகத் திறந்தால் பிடிக்கவே பிடிக்காது. சோப்பு போட மூடி மறுபடி திறந்தால் கொஞ்சம் சூடு, நடுவில் ஒரு மடக்குக் குளிர்ச்சி, மறுபடி சூடு என்று முதுகில் இறங்கும். கேரவனின் சின்ன 12 வோல்ட் பம்ப் விட்டு விட்டு ஓடினால் பர்னரும் அதோடு அணைந்து அணைந்து எரியும். தண்ணீரைச் சேமிக்க நினைக்கிறவரிடம் தண்ணீரை வீணாக்கச் சொல்கிற கருவி இது. நிறுத்துமிடத்திலேயே தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் நேரடியாக மாட்டிக்கொள்ள முடிந்தால் கணக்கு தலைகீழ். வட அமெரிக்காவின் பெரிய டிரெய்லர்களில் அப்படித்தான், அங்கே ட்ரூமா அக்வாகோ மாதிரி 60,000 பிடியூ (சுமார் 17.6 கிலோவாட்) ஹீட்டர்கள் அர்த்தமுள்ளவை. அங்கேயே பழைய பழக்கம் 6 கேலன் டேங்க் ஹீட்டர், சுமார் 23 லிட்டர். அதில் ஒரு எச்சரிக்கை: சபர்பன் கம்பெனியின் இரும்பு டேங்குகளில் துருவைத் தன்மேல் வாங்கிக்கொள்கிற ஆனோடு கம்பி ஒன்று இருக்கும், அது கரைந்து தீர்வதற்குள் மாற்றாவிட்டால் அடுத்துக் கரைவது டேங்க்.

புகைக்குழாய் இல்லாத, கையில் தூக்கிப்போகிற இன்ஸ்டன்ட் ஹீட்டர்களும் விற்கின்றன. அவை திறந்தவெளிக்கு மட்டும். வண்டிக்குள்ளோ மூடிய கூடாரத்துக்குள்ளோ வைத்துக் குளித்தால் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும், வாசனையும் வராது. குளிருக்குப் பயந்து "கொஞ்ச நேரம்தானே" என்று உள்ளே கொண்டுவருகிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

அறையையும் தண்ணீரையும் ஒன்றாகச் சூடாக்குவது

புது வண்டி வாங்கினால் இது பெரும்பாலும் நீங்கள் தேர்ந்தெடுப்பதாக இருக்காது, வண்டியோடு வரும். ஆனால் இரண்டு வண்டிக்கு நடுவில் தடுமாறுகிறவர்களுக்கு இது முக்கியம். ட்ரூமா காம்பி 4 என்பது 4 கிலோவாட் காற்று ஹீட்டரும் 10 லிட்டர் வெந்நீர் டேங்கும் ஒரே பெட்டியில். அதன் ஈ வகையில் கரண்டும் உண்டு, 900 அல்லது 1800 வாட் என்று தேர்ந்தெடுக்கலாம். இந்தத் தேர்வு இருப்பது பெரிய விஷயம்: 6 ஆம்பியர் இடத்தில் 900, 16 ஆம்பியர் இடத்தில் 1800. இடமும் எடையும் மிச்சம், அறை சீக்கிரம் சூடாகும்.

ஆல்டே கம்பெனியின் 3020 வேறு ரகம். கிளைக்கால் (உறையாமல் காக்கிற ரசாயனம்) கலந்த திரவத்தைச் சுவர் ஓரமாகக் குழாய்களில் சுற்றவிட்டு அறையைச் சூடாக்கும், அதே சூட்டில் எட்டரை லிட்டர் சுமாருக்கு வெந்நீர் தரும். சத்தம் இல்லை, காற்று வீசாது, மூலை முடுக்கெல்லாம் ஒரே சூடு. குளிர்காலத்தில் ஒரே இடத்தில் நாள்கணக்கில் தங்குகிறவர்கள் ஒருமுறை பழகினால் மாறமாட்டார்கள். கரண்டில் 1, 2, 3 கிலோவாட் என்று மூன்று படி, 3 கிலோவாட் என்றால் 13 ஆம்பியர் அதற்கே போய்விடும். குறை என்னவென்றால் எடை, விலை, அப்புறம் அந்தத் திரவம். வகையைப் பொறுத்து இரண்டு வருடத்துக்கோ ஐந்து வருடத்துக்கோ ஒருமுறை மாற்ற வேண்டும், அது வீட்டில் செய்துகொள்கிற வேலை இல்லை. கோடையில் மட்டும் வார இறுதிக்கு வெளியே போகிறவருக்கு ஆல்டே வீண் சுமை.

இந்த இரண்டுக்கும் பொதுவான தலைவலி: பெட்டி பழுதானால் அறையும் குளிரும், தண்ணீரும் குளிரும். தனித்தனியாக இருந்தால் ஒன்று போனாலும் ஒன்று மிஞ்சும்.

கெட்டிலைக் கேவலமாக நினைக்காதீர்கள்

முகாமில் நல்ல குளியலறை இருக்கிறது, எல்லாரும் அங்கேதான் குளிக்கிறீர்கள் என்றால் வண்டிக்குள் வெந்நீர் எதற்கு? பாத்திரம் கழுவ, முகம் கழுவ. அதற்கு ஒன்றரை லிட்டர் கொதிக்கவைத்து பச்சைத்தண்ணீர் கலந்தால் 45 டிகிரியில் நாலு லிட்டருக்கு மேல் வந்துவிடும், செலவு 0.15 யூனிட். டேங்கைப் போட்டால் அதே வேலைக்கு 0.52. அது மட்டுமில்லை, ஹீட்டரிலிருந்து குழாய் வரை நாலு மீட்டர் பைப் இருந்தால் அதற்குள்ளேயே கால் லிட்டருக்கு மேல் ஆறிப்போன தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறை வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போதும் முதலில் அது வெளியே போகும். அதைக் கெட்டிலில் பிடித்துக்கொள்கிறவர்கள் புத்திசாலிகள். குறைந்த வாட் கெட்டில் ஒன்று, 1 கிலோவாட்டுக்குள், வாங்கி வைத்துக்கொண்டால் 6 ஆம்பியர் இடத்திலும் பிரேக்கர் விழாது, ஹீட்டரை மட்டும் அந்த நேரம் அணைத்துவிட்டால் போதும். ஸ்டவ்வில் வைக்கிற கெட்டில் என்றால் அந்தக் கவலையும் இல்லை.

அப்போது எதை எடுப்பது

கரண்ட் இணைப்பு உள்ள இடங்களில் தங்கி, உள்ளேயே குளிக்கிறவர்களுக்கு இரண்டு எரிபொருளிலும் ஓடுகிற 10 லிட்டர் டேங்க். பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். கரண்டே இல்லாத இடங்களுக்குப் போகிறவர்களும் இதையே எடுக்கலாம், கேஸில் ஓட்டிக்கொண்டு. குளிர்காலத்தில் கரண்ட் இல்லாமல் போவதென்றால் காம்பி, கரண்ட் உள்ள இடத்தில் நாள்கணக்கில் தங்குவதென்றால் ஆல்டே. தண்ணீர்க் குழாய் வண்டிக்கே வருகிற இடத்தில் மட்டும் இன்ஸ்டன்ட். கேஸே வேண்டாம், கரண்ட் மட்டும் போதும் என்று முடிவெடுப்பதை நான் ஆதரிக்கமாட்டேன், ஒரு பிரேக்கர் விழுந்தால் காலையில் பல் விளக்கக்கூட வெந்நீர் இருக்காது.

எதை எடுத்தாலும் ராத்திரி முழுவதும் போட்டு வைக்காதீர்கள். "ஆறவிட்டுத் திரும்பச் சூடாக்கினால்தான் செலவு அதிகம்" என்பது அழியாத நம்பிக்கை. டேங்க் சுற்றுப்புறத்தைவிட எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கும், ஆறிக்கொண்டிருக்கிற டேங்க் எப்போதும் குறைவாகவே இழக்கும். தூங்கும்போது அணைத்து, குளிப்பதற்கு ஒரு மணி முன்னால் போடுவதுதான் சிக்கனம். கரண்டுக்கு மீட்டர் போட்டு வசூலிக்கிற இடத்தில் இது கையில் நிற்கிற காசு.

அதேபோல 40 டிகிரி எகானமி நிலையிலேயே நாட்கணக்கில் ஓட்டவும் வேண்டாம். நுரையீரலைத் தாக்குகிற லெஜியோனெல்லா கிருமி 20 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குள்தான் நன்றாக வளரும், 60க்கு மேல் செத்துவிடும். வண்டி கொஞ்ச நாள் சும்மா நின்றிருந்தால் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பி, முதலில் ஒருமுறை 60க்குக் கொண்டுபோய் எல்லாக் குழாயிலும் விட்டுவிடுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், அந்தச் சூடு சில விநாடிகளில் தோலைப் பொசுக்கும்.

தண்ணீர் இல்லாமல் கரண்ட் காயிலைப் போட்டால் காயில் போய்விடும். குழாயிலிருந்து காற்றுச் சத்தம் நின்று தண்ணீர் ஒரே சீராக வரும்வரை சுவிட்சில் கை வைக்கக் கூடாது. சூடாகும்போது வெளியே வால்வில் சொட்டுச் சொட்டாக வந்தால் பயப்படாதீர்கள்: 15லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது 10 லிட்டர் தண்ணீர் 160 மில்லி விரியும், அது எங்காவது போயாக வேண்டும். ஆறிய பிறகும் சொட்டினால்தான் வால்வைப் பார்க்க வேண்டும். கேஸ் புகைக்குழாய்க்கு மூடி இருந்தால் கழற்றிவிட்டுப் பற்றவையுங்கள், புகைக்குழாய்க்கு மேல் முன்கூடாரம் விழாமல் பாருங்கள். உள்ளே கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம்.

கடைசியாகப் பனி. தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் விரியும், டேங்க் அதைத் தாங்காது. புதிய ட்ரூமாக்களில் 3 டிகிரி வாக்கில் தானாகத் திறந்து தண்ணீரைக் கொட்டிவிடுகிற வால்வு உண்டு. 7 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அதை மூட முடியும், ஆகவே குளிர்காலத்தில் முதலில் அறையைச் சூடாக்கிவிட்டுத்தான் தண்ணீர் நிரப்ப வேண்டும், இல்லையென்றால் நிரப்ப நிரப்ப அடியில் ஓடிவிடும். அந்த வால்வு இல்லாதவர்கள் கையால் வடிக்க வேண்டும். அணைத்து, ஆறவிட்டு, பம்பை நிறுத்தி, வடிகால் வால்வைத் திறந்து, எல்லாக் குழாய்களையும் சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் வைத்துத் திறந்துவிடுங்கள், ஷவர் தலையைத் தரையில் போடுங்கள். காற்று உள்ளே போனால்தான் தண்ணீர் வெளியே வரும். வால்வுக்குக் கீழே ஒரு வாளி வைத்து எவ்வளவு வந்தது என்று அளந்து பாருங்கள். 10 லிட்டர் டேங்கிலிருந்து 6 லிட்டர்தான் வந்திருக்கிறது என்றால் மீதி 4 உள்ளேயே இருக்கிறது, வண்டியின் மூக்கைக் கொஞ்சம் தூக்கியோ தாழ்த்தியோ மறுபடி விடுங்கள்.